சத்திரத்து மணி

1801 ஜனவரியில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதற்குச் சற்று முன்பு, 1799 உடன்படிக்கையில், நாட்டின் நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போயிருந்தது. போனவற்றைப் பற்றி அந்தக் கடிதத்தில் அவர் அதிகம் பேசவில்லை. ராமேசுவரம் போகும் வழியில் தம் முன்னோர் கட்டிவைத்த சத்திரங்களையும் அவற்றுக்கென்று விடப்பட்ட நிலங்களையும் தம்மிடமே விட்டுவைக்கும்படி மன்றாடினார். அங்கே என்னென்ன நடக்கிறது என்பதை அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். வழிப்போக்கர் எவர் வந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் பருப்பும் மிளகும் அளந்து தரப்படும். நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நடக்க முடியாமல் நோயில் விழுந்தவருக்கு வைத்தியரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும் குணமாகும் வரை உண்டு. விஷக்கடிக்கு மருந்து தெரிந்தவர் தனியாக இருந்தார். தாய் தந்தை இழந்த பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் படிப்பும் எண்ணெய்க் குளியலும் கிடைத்தன. வழியில் இறந்தவருக்கு அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு நடந்தது. தஞ்சையைத் தர்மராஜ்யம் என்று உலகம் சொல்வது இவற்றால்தான், தமக்குள்ள பெயர்களில் தாம் மிகப் பெரிதாக மதிப்பது அதுதான் என்று எழுதி முடிக்கிறார்.

காவிரிக்கரையில் பயணம் செய்தவர்களின் வரலாற்றை எழுத இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இன்றைக்கு நம் ஊர்களில் பிரயாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வருவது புகார்தான். நிலையம் பழசு, விமான நிலையம் சின்னது, கழிப்பறை நாறுகிறது, வண்டி ஏன் தாமதம் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை, கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. புகாரை ஒப்புக்கொள்ளும் அதிகாரிகள் ஒரே மருந்தைத்தான் நீட்டுகிறார்கள்: புதிய கட்டடம். இத்தனை கோடியில் புது முனையம் வருகிறது, அதன்பின் குறையெல்லாம் தீரும் என்கிறார்கள். காவிரி டெல்டாவின் இருநூறு ஆண்டு அனுபவம் இதை ஏற்கவில்லை. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரமும் நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரமும் பிரயாணிக்கு நல்ல இடங்களாக இருந்ததற்குக் கட்டடம் காரணமில்லை. சோறு போடுவது யார் பொறுப்பு, மருந்து கொடுப்பது யார் பொறுப்பு, அதற்கான நெல் எந்த ஊரிலிருந்து வர வேண்டும், வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் தீர்மானமாகி இருந்தன. மோடி எழுத்தில் எழுதிய சத்திரக் கணக்குகள் இன்றும் தஞ்சை ஆவணங்களில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. சத்திரத்தில் ஒருவன் பட்டினி கிடந்தால் கெடுவது மன்னரின் பெயர். பிரயாணிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள் இருந்தார். அந்த ஆள் மறைந்துபோனதுதான் இந்த வரலாற்றின் மையம். அவரைத் திரும்பக் கொண்டுவராமல் எத்தனை கண்ணாடிக் கூரை போட்டாலும் குறை தீராது என்பது என் வாதம்.

உடனே ஒரு மறுப்பு எழும். சத்திரத்தைப் பொற்காலமாகக் காட்டலாமா? அங்கே பந்தி பிரிந்திருந்தது. நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர்கள் இருந்த இடத்தில் எல்லாச் சாதியும் ஒரே கூரையின் கீழ் உட்காரவில்லை. அது தானம், உரிமை இல்லை. கொடுத்தவர் நிறுத்தினால் கேட்க முடியாது. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, முழுவதும் ஏற்கிறேன். ஆனால் சத்திரம் போய் நீராவி வண்டி வந்தபோது சாதி போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். இங்கிலாந்தில் தலைமையகம் வைத்திருந்த ஒரு கம்பெனி, காசு வாங்கிக்கொண்டு விற்ற காபிக்கும் சாதி பார்த்தது. பெரியாரும் அவரது இயக்கமும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 1941இல்தான் அந்தப் பலகைகள் இறங்கின. சத்திரத்தின் குறையை ரயில்வே அப்படியே சுவீகரித்துக்கொண்டது. அதன் பொறுப்பை மட்டும் விட்டுவிட்டது. பலகைகள் இறங்கிய விதமும் கவனிக்கத்தக்கது. எந்த நிலையத்தையும் அதற்காக இடித்துக் கட்டவில்லை. வெளியே இருந்து விடாமல் கேள்வி கேட்டார்கள், கம்பெனி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ரயில் டெல்டாவுக்கு மிகச் சீக்கிரம் வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், மறு ஆண்டு திருச்சிக்கும் வண்டி விட்டது. 1874இல் அது இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. 1871இல் உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க மாயூரம் (மாயவரம், இன்றைய மயிலாடுதுறை) வந்தபோது ஊருக்கு ரயில் கிடையாது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று மெயின் லைன் உருவாகிவிட்டது. மாயவரம் ஜங்ஷன் ஆனது. நாகப்பட்டினம் பாதையைப் போட்ட கம்பெனியின் முதலுக்கு 5 சதவீத வட்டியை அரசாங்கம் உத்தரவாதம் செய்திருந்தது. வண்டியில் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் லண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு வட்டி போய்ச் சேரும். குறைந்தால் இந்திய வரிப்பணம் ஈடுகட்டும். சத்திரத்தில் பிரயாணி பட்டினி கிடந்தால் மன்னருக்கு அவமானம் என்றேன். இங்கே கொட்டகையில் பிரயாணி வெயிலில் காய்ந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்தே பின்னால் வந்த அத்தனை குறைகளும் கிளைத்தன.

குறைகள் எவை என்று பார்த்தால், இன்று எழுதிய புகார்க் கடிதம் போலவே இருக்கும். டிக்கெட் கவுண்டர் வண்டி வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் திறக்கும். அதற்குள் மொத்தக் கூட்டமும் முண்டியடிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்காரர் காத்திருக்க ஒரு தகரக் கொட்டகை. தண்ணீர் தட்டுப்பாடு. பெட்டிக்குள் இடமில்லாமல் ஆட்களை அடைப்பார்கள். கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை நெடுங்காலம் இல்லவே இல்லை. வந்தபோதும் மெதுவாகத்தான் வந்தது. ஐப்பசி மாதம் மாயவரம் துலாக்கட்டத்தில் நீராட வருகிற கூட்டமும், கடைமுழுக்கும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பகோணத்து மகாமகமும் கம்பெனிக்கு நல்ல அறுவடை. அந்தக் கூட்டம் முழுவதும் மூன்றாம் வகுப்பு. இந்திய ரயில்வேக்களின் பயணிகள் வருவாயில் பெரும்பங்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட்டிலிருந்து வந்தது. சாய்வு நாற்காலியும் மின்விசிறியும் போட்ட அறை முதல் வகுப்புக்குப் போனது. யார் காசு கொடுத்தார்கள் என்பதைப் பார்த்து வசதி செய்யவில்லை. யார் கேள்வி கேட்டால் கம்பெனி பயப்படும் என்பதைப் பார்த்துச் செய்தார்கள். முதல் வகுப்பில் போன கலெக்டர் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

காந்தி இதைக் கண்ணால் கண்டவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய சில மாதங்களில், 1915 ஏப்ரல் 30 அன்று தரங்கம்பாடியிலும் மே 1 அன்று மாயவரத்திலும் இருந்தார். தில்லையாடியும் அதைச் சுற்றிய ஊர்களும் அவரது தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்துக்குக் கொடுத்த உயிர்கள்தான் அவரை இந்தப் பக்கம் இழுத்துவந்தன. மூன்றாம் வகுப்பில் போவது என்ற தீர்மானத்தை அந்த ஆண்டு முழுவதும் கடைப்பிடித்தார். 1917 செப்டம்பரில் மூன்றாம் வகுப்பின் நிலை பற்றிப் பத்திரிகைகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணத்தைப் படிப்படியாக விவரித்து, மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்குபவர் கொடுக்கும் காசுக்கு ஏற்ற எதையும் பெறுவதில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கடிதத்தின் பலம் கோபத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

இந்த இடத்தில் மாயவரத்துக்கே உரிய ஒரு சான்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை செல்லும் பாதை 1894இல் திறக்கப்பட்டது; 1903இல் அறந்தாங்கி வரை நீண்டது. இதைப் போட்டது லண்டன் கம்பெனி கிடையாது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு தன் பணத்தில் ரயில் போட்டது அதுவே முதல் முறை. அதற்காகவே தஞ்சை ஜில்லாவின் நிலச் சொந்தக்காரர்களிடம் பல ஆண்டுகள் தீர்வையோடு கூடுதல் வரி வசூலித்தார்கள். நெல் விளைத்தவர் கட்டிய காசில் தண்டவாளம் விழுந்தது. அப்படியானால் அந்தப் பாதையில் போன டெல்டாக்காரர் தம் சொந்த வண்டியில் அல்லவா போனார்? கூலியாள் மாதிரி நடத்தப்படாமல் எஜமானனாக அல்லவா நடத்தப்பட்டிருக்க வேண்டும்? அது நடக்கவில்லை. பாதையை ஓட்டும் பொறுப்பைப் போர்டு தென்னிந்திய ரயில்வேயிடமே ஒப்படைத்தது. போர்டின் தலைவர் அந்நாளில் கலெக்டர். பாதை ஜனங்களுடையது, வண்டி கம்பெனியுடையது, நிர்வாகம் சர்க்காருடையது. பிளாட்பாரத்தில் நிற்பவர் குறை சொல்ல எந்தக் கதவைத் தட்டுவது? சொந்தம் என்பது மட்டும் போதாது, கேட்கும் வழியும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நாட்டில் வேறெங்கும் கிடைக்காது. பொதுத்துறை என்றால் தானாகவே நல்லது என்று நம்புகிறவர்கள் முத்துப்பேட்டை லைனை நினைக்க வேண்டும். தனியாரிடம் கொடுத்தால் சேவை தானாக மலரும் என்று நம்புகிறவர்களும் நினைக்க வேண்டும். அந்த லைனை ஓட்டியது தனியார் கம்பெனிதான்.

கேட்கும் வழியை உண்டாக்க முதல் முயற்சி 1920–21இல் வில்லியம் ஆக்வொர்த் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவால் வந்தது. ரயில்வே நிதியைப் பிரிப்பது, நிர்வாகத்தைக் கம்பெனிகளிடமிருந்து எடுப்பது என்ற பெரிய விஷயங்களுக்காகவே அந்தக் குழுவை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிரயாணிக்கு முக்கியமானது வேறொன்று. மத்தியிலும் உள்ளூரிலும் ஆலோசனைக் குழுக்கள் வேண்டும், ரயிலைப் பயன்படுத்துகிறவர்கள் அதில் உட்கார வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் வலங்கைமானில் பிறந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. அவர் தம் உத்தியோக வாழ்க்கையைத் தொடங்கியதே மாயவரம் முனிசிபல் பள்ளியில் ஆசிரியராகத்தான். மூன்றாம் வகுப்பு என்றால் என்ன என்று தெரிந்த ஒரு டெல்டாக்காரர் அந்த மேசையில் இருந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆலோசனைக் குழுக்கள் அமைந்தன. பெயர் மாறி, விடுதலைக்குப் பின்னும் மண்டலக் குழு, கோட்டக் குழு என்று தொடர்கின்றன. ஆனால் அவை ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ரயில்வேக்கு இல்லை.

கட்டாயம் வேறு திசையிலிருந்து வந்தது. மலையும் காடும் இல்லாத டெல்டாவில் சாலை போடுவது எளிது. 1920களிலும் 30களிலும் மோட்டார் பஸ்கள் கிராமம் கிராமமாகப் புகுந்தன. கும்பகோணத்து ராமன் அண்டு ராமன் போன்ற கம்பெனிகள் ஒரு தலைமுறை டெல்டாக்காரர்களுக்கு வீட்டுப் பெயர். பஸ் வீட்டு வாசலில் நின்றது, கை காட்டினால் ஏற்றிக்கொண்டது, கண்டக்டர் முகம் தெரிந்தவர். ரயிலின் கூட்டம் கரைந்தது. இதை ஆராய 1933இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளின் அறிக்கை வந்தது. 1937இல் வெட்ஜ்வுட் குழு அறிக்கை வந்தது. மூன்றாம் வகுப்பின் வசதியையும், ஜனங்களோடு ரயில்வே பேச வேண்டிய முறையையும் ரயில்வே பெரியவர்கள் கவலையோடு விவாதித்தது அந்த ஆண்டுகளில்தான். எண்பது ஆண்டுக் கெஞ்சலுக்கு அசையாத யானை, பத்தாண்டுப் போட்டிக்கு அசைந்தது. அதுவரை வந்த அதே மூன்றாம் வகுப்புக்காரர் வேறிடம் போக முடியும் என்றானதும், அவருக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

வேறிடம் போக முடியாதவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கு நாகப்பட்டினம் துறைமுகம் சாட்சி. மலாயா போன டெல்டாக்காரர்களை ஏற்றிச் சென்ற ‘ரஜுலா’ கப்பல் 1926இல் கட்டப்பட்டது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் அதிகமான டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. டெக் என்றால் பாயும் டிரங்குப் பெட்டியும் விரித்த இடம்தான் படுக்கை. அரை நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட அந்தக் கப்பல் ஓடியது. 1970களில் அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து வரும் வழியில் தீப்பிடித்தது, பலர் இறந்தார்கள். அத்தோடு டெக் பிரயாணம் முடிந்து, டெல்டாவின் வெளிநாட்டுப் பயணம் முழுவதும் விமானத்துக்குப் போனது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறவில்லையா என்று கேட்டால், மாறியது. 1944இல் அரசு தென்னிந்திய ரயில்வேயை எடுத்துக்கொண்டது. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே ஒழிந்தது. மது தண்டவதே ரயில்வே அமைச்சரானபின் இரண்டாம் வகுப்புப் படுக்கையின் மரப்பலகைக்கு மெத்தை வந்தது. ஓட்டு என்ற ஒன்று கையில் இருந்ததால் கிடைத்தவை இவை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டு நாடு முழுவதுக்கும் பொதுவானது. மாயவரம் ஜங்ஷனின் மூன்றாவது பிளாட்பாரத்துக்குக் கூரை வேண்டும் என்ற கேள்வியை அது டில்லி வரை தூக்கிக்கொண்டு போகாது. விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் கார்டு லைன் வந்தபின் தெற்கே போகும் பெரிய வண்டிகள் ஒவ்வொன்றாக அந்தக் குறுக்கு வழிக்குப் போய்விட்டன. மெயின் லைன் என்ற பெயர் நமக்கு மிஞ்சியது. விழுப்புரத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே இரட்டைப் பாதை மிஞ்சவில்லை. 1926இல் போட்ட தரங்கம்பாடிப் பாதை, மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று ஊர்களைத் தொட்டுப்போனது, 1986இல் மூடப்பட்டது. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் தமிழ்நாடே திருக்கடையூருக்கு வரத் தொடங்கிய காலத்தில் அந்த வண்டி இல்லை. அகலப்பாதை வேலைக்காக 2006 இறுதியில் விழுப்புரம் பாதையை மூடினார்கள். 2010இல்தான் வண்டி திரும்பியது. மூன்று ஆண்டுக்கும் மேலாக ஒரு ஜங்ஷன் சென்னைக்கு நேர்வழி இல்லாமல் கிடந்தது. வேலை அவசியம்தான். என்றைக்கு முடியும் என்று கேட்டவர்களுக்கு உறுதியாகச் சொல்ல ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

இப்போது விமான நிலையத்துக்கு வருவோம். மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போக வேண்டுமானால் ஏறக்குறைய 120 கி.மீ. தள்ளித் திருச்சி, இல்லையென்றால் 280 கி.மீ. தள்ளிச் சென்னை. திருச்சியின் பழைய முனையம் நெரிசலில் திணறியது உண்மை. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், ஆண்டுக்கு 44 லட்சம் பேருக்கு மேல் கையாளும் புதிய முனையம் கட்டி, 2024 ஜனவரியில் திறந்து, ஜூனில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுவரில் கோலமும் கோபுரமும் தீட்டிய அழகான கட்டடம். அது வந்ததில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. ஆனால் அழகான கட்டடம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சென்னை காட்டிவிட்டது. மீனம்பாக்கத்தின் புதிய உள்நாட்டு முனையம் வந்தபின்தான் கண்ணாடிப் பலகைகளும் மேற்கூரைத் தகடுகளும் திரும்பத் திரும்ப விழுந்தன. 2022 டிசம்பரில் பல அடுக்கு வாகன நிறுத்தம் திறந்ததும், வாடகைக் கார் பிடிக்கும் இடம் அங்கே மாறியது. முதியவர்களும் குழந்தையோடு வந்தவர்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைவதாகப் புகார் கிளம்பியது. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் அப்படியே. டெல்டா பஸ்கள் நிற்கும் பிரமாண்டமான, சுத்தமான நிலையம். அதற்கு நகரத்திலிருந்து எப்படிப் போய்ச் சேர்வது என்ற கேள்வி நிலையத்துக்குப் பின்னால் பிறந்தது. கட்டடத்தை முடிவுசெய்த மேசையில் பிரயாணி உட்காரவில்லை.

ரயில்வே நெடுங்காலமாகச் சொல்லிவரும் பதில் ஒன்று உண்டு: கட்டணம் மலிவு, அதனால் இவ்வளவுதான் முடியும். பயணச் செலவில் 57 சதவீதத்தைத்தான் கட்டணமாக வாங்குகிறோம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். மலிவுக் கட்டணம் ஏழைக்கு எவ்வளவு பெரிய வரம் என்பதை நான் அறிவேன். அதைக் கூட்டச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காரணம் உண்மையானால், முழுக் காசும் கொடுக்கும் இடத்தில் குறை இருக்கக் கூடாது. விமானப் பயணி டிக்கெட்டிலேயே பயனாளர் மேம்பாட்டுக் கட்டணமும் சேர்த்துக் கட்டுகிறார். அவருக்கும் தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, விமானம் ஏன் நிற்கிறது என்று தெரியாமல் தரையில் உட்கார வேண்டியிருக்கிறது. காசு குறைவு என்ற வாதம் விமான நிலைய வாசலில் விழுந்துவிடுகிறது. மேலும், வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று உண்மையைச் சொல்ல என்ன செலவு?

பிரயாணிகள்தான் அசுத்தம் செய்கிறார்கள் என்பது இன்னொரு பதில். காந்தியே அதைச் சொன்னார். சக பயணிகளின் எச்சிலையும் குப்பையையும் அவர் மறைக்கவில்லை. அதைக் காரணம் காட்டி அதிகாரிகளின் பொறுப்பை அவர் தள்ளுபடி செய்யவும் இல்லை. இதே ஜனங்கள்தான் சத்திரத்தில் சாப்பிட்டுப் படுத்தார்கள். ஆயிரம் பேர் பயன்படுத்தும் இடத்தை நாளுக்கு இருமுறை கழுவினால் அது எப்படி இருக்குமோ, பத்துமுறை கழுவினால் அப்படி இருக்காது.

கேட்டால் நடக்கும் என்பதற்கு அண்மைக் காலத்திலும் சான்றுகள் உண்டு. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் இந்தி தெரியாததற்காகப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ஒருவர் தம்மிடம் நீங்கள் இந்தியரா என்று கேட்டதாகக் கனிமொழி எம்.பி. வெளியில் சொன்னார். விசாரணைக்கு உத்தரவாயிற்று, விமான நிலையங்களில் உள்ளூர் மொழி தெரிந்தவர்களைப் பணியில் வைப்பதாகப் படை அறிவித்தது. சீர்காழியிலிருந்து குவைத்துக்கு வேலைக்குப் போகிற இளைஞரிடம் அதே கேள்வி கேட்கப்பட்டிருந்தால் செய்தி ஆகியிருக்காது. ஆகவே சாதாரணப் பிரயாணிக்குக் குரல் கொடுப்பது சட்டமாகத்தான் இருக்க முடியும். அது இருக்கிறது. 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ரயிலையும் விமானத்தையும் கேள்வி கேட்கும் வாசலைத் திறந்தது. 2016இல் நான்கு மணி நேரம் தாமதமாக ஜம்மு போய்ச் சேர்ந்த ரயிலால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பம் நுகர்வோர் மன்றம் போனது. ரயில்வே உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியது. தாமதத்துக்குத் தகுந்த காரணத்தை ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. தொகை ரூ.30,000. சிறிய தொகைதான். பதில் சொல்லும் கடமை யாருடையது என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்மானித்துவிட்டது என்பதுதான் அதில் பெரிது.

மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமாயிற்று. அதன் ஜங்ஷன் அம்ருத் பாரத் திட்டப் பட்டியலில் இருக்கிறது. முகப்பு, நிழற்கூரை, காத்திருப்போர் கூடம் என்று பழைய கட்டடம் மாறும். கட்டடம் மாறும்போதே கேட்க வேண்டியவை இருக்கின்றன. கோட்ட ஆலோசனைக் குழுவில் நம் மாவட்டத்துக்காக உட்கார்ந்திருப்பவர் யார், கடைசிக் கூட்டத்தில் என்ன கேட்டார், ரயில்வே என்ன சொன்னது என்பதை ஒரு தாளில் எழுதி நிலையச் சுவரில் ஒட்டட்டும். திருச்சி விமான நிலையத்திலும் அப்படியே ஒட்டட்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. புகார்ப் புத்தகம் ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் இருக்க வேண்டும், கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. இப்போது 139 என்ற எண்ணும் இருக்கிறது. அடுத்த முறை வண்டி தாமதமாகி யாரும் எதுவும் சொல்லாமல் போனால், நிலைய அதிகாரியின் அறைக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தமிழில் எழுதுங்கள். தேதியும் வண்டி எண்ணும் போட்டுக் கையெழுத்திடுங்கள்.